ஓடைக்கால்பட்டி ஏன் நடந்தே தொடங்குகிறது

மாடு தன் வாயால் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆடு வழக்குப் பேசும். கோழி விடிந்துவிட்டது என்று சொல்லும். சொல்லிவிட்டு, இன்னும் என்ன படுக்கை என்று திட்டவும் செய்யும். அந்தக் காலத்தில் கால்பந்து இருந்ததா என்று யாராவது குறுக்கே கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருந்தது. பனைநாரை உருண்டையாகச் சுற்றி, மேலே ஆட்டுத்தோலை இழுத்துத் தைத்தால் பந்து. ஆட்டைக் கேட்டுத்தான் தோலை எடுத்தார்களா என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை.

ஓடைக்கால்பட்டிக்கும் பாறையூருக்கும் நடுவில் ஒரு கண்மாய். மேற்குக் கரையில் இருக்கும் மடை ஓடைக்கால்பட்டி வயல்களுக்கு. கிழக்குக் கரை மடை பாறையூருக்கு. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் எந்த மடையை முதலில் திறப்பது என்பதில் இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டது போதும் போதுமென்று ஆனபிறகு, யாருக்கோ நல்ல புத்தி வந்தது. கோடையில் கண்மாய் வற்றிக் காய்ந்து கிடக்கும் அல்லவா, அதற்குள்ளேயே பந்து ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். கோடை முழுக்க ஆட்டம். முடிவில் எந்த ஊர் அதிக ஆட்டங்களில் ஜெயித்திருக்கிறதோ, அந்த ஊர் மடை முதலில் திறக்கும்.

இந்தக் காலத்து ஆட்டம் மாதிரி பாதியில் பக்கம் மாற்றிக்கொள்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அவரவர் கரையை அவரவர் காக்க வேண்டும். மேற்கே ஓடைக்கால்பட்டியின் கோல், கிழக்கே பாறையூரின் கோல். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கருவேல முளைகள் அடித்திருக்கும்.

நடுவர் யார் தெரியுமா? ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், கறுத்த தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத் தொங்கல். அதற்குத் தெரியாமல் கண்மாய்க்குள் ஒரு நண்டுகூட நகர முடியாது. மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும். எவன் காலைத் தட்டினான், எவன் கையால் தொட்டான் என்று பெயரைச் சொல்லிக் கத்திவிடும். சொந்தம் பந்தம் பார்க்காது, யாருக்கும் பயப்படாது. எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி என்று இரண்டு ஊரும் அதை நம்பின.

ஓடைக்கால்பட்டி அணிக்கு மாயக்காள்தான் தலைவி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடிய காலம் என்பதால் அதில் யாருக்கும் அதிசயமில்லை. அவளைப்போல ஓட ஆளில்லை. அவள் ஓடினால் அணியே பின்னால் ஓடும். இன்றைக்கு அந்த அணியைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் அந்தக் காலத்தில் ஓடைக்கால்பட்டிதான் எடுத்த எடுப்பிலேயே பாய்கிற அணி. கோடை தொடங்கியதும் வரிசையாக ஜெயிப்பார்கள். பாதிக் கோடையில் நாக்குத் தள்ளிவிடும். கடைசி ஆட்டங்களில் காலை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். பாறையூர்க்காரர்களோ தங்கள் கோலுக்குள் பந்தல்கால் நட்டதுபோல நின்று தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போவார்கள். இப்படியே சில வருஷம் போயிற்று.

மாயக்காளின் வயல் வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் இருந்தது. தங்கள் மடை இரண்டாவதாகத் திறந்தால் அந்த வயலுக்கு ஈரம்கூட எட்டாது. போன வருஷம் பால் பிடிக்கிற சமயத்தில் பயிர் காய்ந்து சருகானது. அதற்கு முந்தின வருஷமும் அதே கதைதான். "இன்னொரு வருசம் இப்பிடிப் போச்சுன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்" என்று அவள் புருஷன் சீலையன் சொல்லியிருந்தான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்த வருஷம் கண்மாய் வழக்கத்துக்கு முன்னாலேயே வற்றிவிட்டது. ஆட்டமும் முன்னாலேயே தொடங்குவதாக ஆயிற்று. முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மாயக்காள் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு பாறையூர்க் கோலைப் பார்த்து ஓடினாள். கோலுக்குச் சற்று முன்னால், வலப்பக்கத்தில், கால் வைக்கப்போன இடத்தில் ஆள்காட்டி அவள் முகத்துக்கு நேரே வந்து அடித்தது.

"வைக்காத, வைக்காத, காலை வைக்காத."

மாயக்காள் ஒற்றைக்காலில் நின்றாள். கீழே பார்த்தாள். கூழாங்கல்தான் கிடந்தது. உற்றுப் பார்த்தபிறகுதான் அதில் நாலு கூழாங்கல் மட்டும் முட்டை என்று தெரிந்தது. சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல். புள்ளி விழுந்த மண்நிறத்து முட்டைகள்.

"ஏத்தா, ஒனக்கு முட்டை போட வேற எடமே கெடைக்கலையா? நடுக் களத்துலயா?"

"பொதருக்குள்ள போட்டா பாம்பு. மரத்துல போட்டாக் காக்கா. வெட்டவெளியில ஒருத்தனும் தேடமாட்டான். நான் போடும்போது இங்க ஆட்டமும் இல்ல, களமும் இல்ல. தண்ணி இம்புட்டுச் சீக்கிரம் வத்தும்னு எனக்கென்ன சோசியமா தெரியும்?"

ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுகிற பறவை அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசியது. அதைக் கேட்கவே மாயக்காளுக்கு என்னவோபோல் இருந்தது.

"மாயக்கா, யாருட்டயும் சொல்லிராத. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா காக்காய்க்குத் தெரியும். குஞ்சு பொரிச்சு ஓடுறவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் ஓடியாராமப் பாத்துக்க."

பாறையூர்க்காரர்கள் கோலை விட்டு வெளியே வருவதில்லை. அந்த இடத்தில் ஓடக்கூடியவர்கள் ஓடைக்கால்பட்டிக்காரர்கள் மட்டும்தான். ஓடவிடாமல் தடுக்கக்கூடியவளும் மாயக்காள் மட்டும்தான். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. முட்டையைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

"சொல்லல. என் வயல் மேல ஆணை."

சொன்னபிறகுதான் எதன்மேல் ஆணையிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த ஊரில் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்வார்கள், தீபத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அதையெல்லாம் மீறினவர்களும் உண்டு. வயல்மேல் வைத்த ஆணையை மட்டும் யாரும் மீறமாட்டார்கள். மீறினால் வயல் விளையாது என்பது அவர்கள் கணக்கு. ஆணையை மீறினாலும் வயல் போச்சு, மீறாமல் தோற்றாலும் வயல் போச்சு. பாவி மகள் வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டம். கரை இரண்டிலும் கூட்டம். பாறையூருக்குத் தலைவன் மொக்கையன், கோல் காக்கிறவனும் அவன்தான். அவன் வேறு யாருமில்லை, மாயக்காளின் சொந்த அக்காள் புருஷன். ஆட்டத்தின் நடுவில் மொக்கையன் கால் இடறி உட்கார்ந்துவிட்டான். மாயக்காளின் காலில் பந்து. எதிரே கோல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நாலு எட்டு ஓடினால் போதும். அந்த நாலு எட்டில்தான் குழி இருக்கிறது. அவள் நின்றுவிட்டாள். பந்து உருண்டு வெளியே போனது.

"என்ன கொழுந்தியா, காலுல முள்ளா?" என்றான் மொக்கையன், உட்கார்ந்தபடியே.

அவள் திரும்பித் தன் பக்கம் நடந்தாள். அன்றைக்குத் தோற்றார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அவள் தன் ஆட்களிடம், "வலப்பக்கம் யாரும் போகாதீக. மெதுவா ஆடுவம்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேளுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதிலும் தோற்றார்கள். எடுத்த எடுப்பில் பாய்கிற அணி, எடுத்த எடுப்பிலேயே படுத்துக்கொண்டது. ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் போனபிறகு, அக்கா வீட்டுச் சோறு இனிக்கிறது போலிருக்கிறது என்று பேச்சு மறுபடி தொடங்கியது.

கோல் காக்கிற ஒச்சு அவள் கொழுந்தன், சீலையனின் தம்பி. அவன் முகத்துக்கு நேரே கேட்டான்.

"மதினி, நம்ம வீட்டு வயல் காயிறது ஒங்களுக்குச் சம்மதமா?"

"இல்ல."

"அப்ப ஏன் நின்னீங்க?"

"இப்பக் கேக்காத ஒச்சு."

"எப்பக் கேக்குறது? மூட்டையக் கட்டுனப்பெறகா?"

 ஒரே வார்த்தையில் முடிந்துபோகிற விஷயம். அந்த வார்த்தைதான் வாயில் வரக்கூடாது. மாயக்காள் கண்மாயைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அணி கூடிப் பேசி அவளைத் தலைமையிலிருந்து இறக்கியது. ஆடட்டும், ஆனால் சொல் செல்லாது. கோலை வேறொருத்தன் பார்த்துக்கொள்ள, ஒச்சு முன்னால் வந்து ஓடுவான் என்று ஏற்பாடு.

இதெல்லாம் கரையிலேயே நடந்தது. மேலே ஆள்காட்டி வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது கேட்டதா என்றால், அதன் காதுக்குத் தப்புவது எது?

அடுத்த ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒச்சுவின் காலுக்குப் பந்து கிடைத்தது. அண்ணன் வயலும் மதினி மேல் கோபமும் சேர்ந்து அவனைத் துரத்தின. வலப்பக்கமாகத் திரும்பிக் குழியைப் பார்த்து நேரே ஓடினான். மாயக்காள் "போகாத" என்று கத்தினாள். அவன் காதில் வாங்கவில்லை. அவள் ஓடினாள். அந்த வருஷம் அவள் உண்மையாகவே ஓடியது அப்போதுதான். பின்னால் வந்து தன் கொழுந்தனின் காலை வாரிவிட்டாள். அவன் போய்ப் பொத்தென்று விழுந்தான். பந்து ஒரு பக்கம் போயிற்று.

தன் அணிக்காரனையே ஒருத்தி விழத்தட்டி அந்தக் கண்மாய் பார்த்ததில்லை.  அப்புறம் எல்லோரும் மேலே பார்த்தார்கள். நடுவர் பெயர் சொல்ல வேண்டும். மாயக்காள் என்று சொன்னால் அவள் களத்தை விட்டு வெளியே போக வேண்டும். ஊரை விட்டே போவதற்கு அது முதல் படி.

ஆள்காட்டி பேசவில்லை. பிறந்ததிலிருந்து அது இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. புளியமரத்தில் இருந்த காக்கைகள்கூடக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. மாயக்காள் அண்ணாந்து பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், என் பெயரைச் சொல்லிவிடு என்பதுபோல.

பறவை கீழே இறங்கி வந்து, மஞ்சள் கால்களைத் தரையில் ஊன்றி நின்றது.

"தப்பு மாயக்கா மேல இல்ல. என் மேலதான். இந்தக் குழியில என் முட்டை இருக்கு. சொல்லக் கூடாதுன்னு அவளுட்ட ஆணை வாங்குனது நான்."

ஒச்சு விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினான். அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டைகள் இருந்தன. அவன் அப்படியே மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"எதன் மேல ஆணை வச்சீங்க, மதினி?"

"வயல் மேல."

ஒச்சு எழுந்து உட்கார்ந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். தட்ட மண் இல்லாதபோதும் தட்டினான்.

"நான் ஒங்களைக் கேட்ட கேள்விக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கலாம்" என்றான் பிறகு. "இனி ஒளிக்க ஒண்ணுமில்ல. காக்காய்க்கும் தெரிஞ்சு போச்சு. ராவும் பகலும் மொறைபோட்டுக் காவல் இருப்பம். இதுக குஞ்சு பொரிச்சு ஓடுறவரைக்கும் நம்ம ஆளு ஒருத்தரும் ஓடப்படாது. நடந்துதான் ஆடணும். சம்மதமா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தோற்றால் காய்வது மாயக்காளின் வயல் மட்டுமல்ல. ஒவ்வொருவர் வயலிலும் கொஞ்சம் காயும். இருந்தாலும் சம்மதம் என்றார்கள். மாயக்காளை மறுபடி தலைவியாக்கினார்கள், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே.

மொக்கையன் அதுவரை கோலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நாலு குச்சியை நட்டுக் குழிக்கு மேலே நிழலாகக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு, "இந்தா பாரு கொழுந்தியா, நிழலு நிழலுதான், ஆட்டம் ஆட்டந்தான். கோலு விழுந்தா நாங்க எண்ணிக்குவம்" என்றான். நியாயமான ஆள்தான், என்ன செய்வது, பாறையூரில் பிறந்துவிட்டான்.

அன்றிலிருந்து நடந்து ஆடினார்கள். ஓடக் கூடாது என்றால் பந்தை என்ன செய்வது? பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுவது. அவன் அடுத்தவளுக்குத் தட்டுவது. முன்பெல்லாம் மாயக்காளின் முதுகைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தவர்கள், இப்போதுதான் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழகினார்கள். தோற்றார்கள். எப்போதாவது சமமாக முடித்தார்கள். பாறையூர்க் கரையில், பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி நடக்கிறார்களே என்று சிரித்தார்கள். இவர்கள் நடக்கிறார்கள் என்பதற்காகக் கோல் விழாமல் இருந்துவிடுமா என்ன? எதிராளிக்கு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஓடைக்கால்பட்டியின் நடையைத் துரத்திப் பந்தைப் பிடுங்கப் பாறையூர்க்காரர்கள் கோலை விட்டு வெளியே வந்து ஓடத் தொடங்கினார்கள், துண்டுப் பந்தலை மட்டும் சுற்றிக்கொண்டு. சுலபமாக ஜெயிக்கலாம் என்றால் யாருக்குத்தான் கால் பரபரக்காது?

மாயக்காளுக்குப் பயம் விடவில்லை. வெயில் ஏற ஏற வயலை நினைத்துக்கொள்வாள். பகலில் ஆள்காட்டி எஞ்சிய குட்டையில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூடு தாங்காமல் முட்டை வெந்துவிடக் கூடாதல்லவா. காவல் இருக்கும்போது அதைப் பார்த்தபடி, "ஒன் வயித்துல இருக்க ஈரங்கூட என் வயலுக்கு இல்ல" என்றாள் ஒருநாள்.

"வரும்" என்றது பறவை.

"ஒனக்கென்ன சோசியமா தெரியும்?"

"தெரியாது. ஆனா நீங்க யாரும் எளைக்காம இருக்கீக. அந்தப் பக்கம் எளைக்குறாக. மேல இருந்து பாத்தாத் தெரியும்."

ஒரு நாள் காலையில் முட்டைகள் விரிந்தன. கூழாங்கல் நிறத்தில் நாலு பஞ்சுருண்டைகள். கொஞ்ச நேரம் ஈரத்தோடு படுத்திருந்தன. அப்புறம் ஒன்று எழுந்து நின்றது, விழுந்தது, எழுந்து நடந்தது. அன்றைக்கு ஆட்டம் இருந்தது. இரண்டு அணியும் இறங்கிப் பந்து உருண்டபோது, மூத்த குஞ்சு துண்டு நிழலை விட்டு வெளியே வந்தது. ஓரமாகக் குட்டையைப் பார்த்து, அந்தக் குச்சிக் காலால், தலைதெறிக்க ஓடியது. மற்ற மூன்றும் பின்னாலேயே ஓடின.

"ஓடுது" என்று கத்தியது ஆள்காட்டி. கண்மாய் அதிரக் கத்தியது. "மாயக்கா, ஓடுது."

ஓடைக்கால்பட்டிக்காரர்கள் ஓடினார்கள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த ஓட்டம் அது. பந்து யாரிடம் போகும் என்று ஓடுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர்கள் நடந்து நடந்து அதைத்தான் படித்திருந்தார்கள். துரத்தித் துரத்தி அலுத்துப்போயிருந்த பாறையூர்க்காரர்களுக்குத் திரும்பிப் பார்ப்பதற்கே நேரமில்லை. அன்று ஜெயித்தார்கள். அதற்கு அடுத்ததும், அதற்கு அடுத்ததும் ஜெயித்தார்கள்.

கடைசி ஆட்டத்தின்போது இரண்டு ஊரும் சமமாக நின்றன. மேற்கே மேகம் கூடியிருந்தது. ஒச்சு தட்டிய பந்து மாயக்காளின் காலுக்கு வந்தது. எதிரே வலப்பக்கத்தில் அந்தக் குழி, இப்போது வெறும் குழி. அன்று நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. குழியைத் தாண்டி, அந்த நாலு எட்டையும் வைத்து, மொக்கையனின் கைக்கு எட்டாமல் பந்தை முளைகளுக்கு நடுவே அனுப்பினாள். பெரிய மழை வந்து கண்மாய் நிறைந்ததும் மேற்கு மடை முதலில் திறந்தது. சீலையன் கடைமடையில் மண்வெட்டியோடு நின்றான். தண்ணீர் அவன் காலைத் தொட்டதும் வரப்பிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மாயக்காள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூட்டையைப் பற்றி அப்புறம் அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

ஆள்காட்டி அந்த மழையோடு நடுவர் வேலையை விட்டது. "நானும் ஒரு பக்கம் சாஞ்சிட்டேன். இனி நான் பேரு சொன்னா எடுபடாது" என்று இரண்டு ஊரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிற்று. உண்மையை உள்ளபடி கத்துகிற வழக்கத்தையும் அது விட்டுவிட்டது. இன்றைக்கும் மனுஷ வாடை பட்டால் எழும்பிக் கத்தும். ஆனால் முட்டை இல்லாத பக்கமாகப் பார்த்துப் போய்த்தான் கத்தும். அதற்குப் பிறகு மிருகம், பறவை எல்லாமே நம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டன. நாம் பேசுவதைக் கேட்டுச் சலித்திருக்கும்.

ஆனால் கண்மாய் வற்றியதும் ஆள்காட்டி வருகிறது. அதே வெட்டவெளியில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டை வைக்கிறது. அதனால்தான் ஓடைக்கால்பட்டி அணி மாயக்காள் காலந்தொட்டு இந்த சீசன் வரைக்கும் முதல் ஆட்டங்களை நடந்தே ஆடுகிறது, நடந்தே தோற்கிறது. வெளியூரிலிருந்து புதிதாகப் பார்க்க வருகிறவர்கள், இதெல்லாம் ஒரு டீமா என்று சிரிப்பார்கள். பாறையூர்க்காரர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் குஞ்சுகளின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.